கேட்கிறது, விளங்கவில்லை

முதலில் மன்னிக்க வேண்டும். என் கையெழுத்து மோசமாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. எங்கே சின்ன ‘ர’, எங்கே பெரிய ‘ற’ என்று இன்றைக்கும் தடுமாறுவேன். பிழையிருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லலாம் என்றால் நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அப்படியே பேசினாலும் எதிரில் இருப்பவர் திருப்பிக் கேட்பது விளங்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற வழியில் ஒரு பரோட்டாக் கடையில் சப்ளையராக இருந்தேன். எங்கள் கடையில் யாரும் எதையும் எழுதிக்கொள்வதில்லை. இலை போட்டு, வந்தவருக்கு என்ன வேண்டும் என்று காதில் வாங்கி, நின்ற இடத்திலிருந்தே பரோட்டாக் கல்லைப் பார்த்துக் கூவ வேண்டும். “ரெண்டு சாதா, ஒரு வீச்சு, ஒரு முட்டை!” மற்ற நேரமெல்லாம் வாய் திறக்கக் கூசுகிறவன் நான். சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனால் பந்தலுக்கு வெளியே நிற்பேன். ஆனால் கல்லைப் பார்த்துக் கூவும்போது மட்டும் என் குரல் ரோடு வரைக்கும் போகும். அந்த வேலையை நான் விரும்பியதற்குச் சம்பளம் மட்டும் காரணமில்லை.

காது கெடத் தொடங்கியபோது சத்தம் குறையவில்லை. யாருக்கும் புரிய வைக்க முடியாத இடம் இதுதான். அருவி இரைவது கேட்டது. கல்லில் கொத்துகிற தகரச் சத்தம் மண்டையில் அடித்தது. கார்க்காரன் ஹாரன் அடித்தால் திடுக்கிட்டேன். பேச்சு மட்டும், மழையில் நனைந்த காகிதத்து எழுத்து மாதிரி ஊறிப்போய் வந்தது. யாரோ பேசுகிறார் என்று தெரியும், என்ன பேசுகிறார் என்று தெரியாது. சட்னி கேட்டவருக்குத் தண்ணீர் வைத்தேன். தண்ணீர் கேட்டவருக்குச் சட்னி ஊற்றினேன். சிரித்து விட்டுவிட்டார்கள்.

போன சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புளியறை வழியாக வந்த மலையாளத்துக்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். ஒருவர் கேட்டது ‘ஒரு கொத்து’. எனக்கு விழுந்தது ‘பத்து’. நானும் கூவினேன்: “பத்து சாதா!”

கல்லில் நின்ற மாஸ்டர் அங்கிருந்தே சத்தம் போட்டார். “அண்ணாச்சி, அங்கன என்ன, கல்யாணப் பந்தியா நடக்கு?”

அவர் கேட்டது விளங்காமலே தலையை ஆட்டிவிட்டேன்; என்ன கேட்டார் என்று பிறகுதான் தெரிந்தது. பத்தும் வந்து இறங்கியது. மலையாளத்துக்காரர் இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சேட்டா, ஞங்ஙள் ரண்டு பேரே உள்ளூ.” கடையே சிரித்தது.

முதலாளி என்னைவிட வயதில் இளையவர். அவருடைய அப்பா காலத்திலிருந்தே நான் அங்கே இருந்ததால் மரியாதை குறையாமல் பேசுவார். “அண்ணாச்சி, சீசன் நேரத்துல இப்படின்னா எப்படி? தென்காசியில போயி காத டெஸ்ட் பண்ணிட்டு வாங்க. என்னன்னு தெரிஞ்சிட்டா அதுக்குத் தக்கன பாத்துக்கிடலாம்” என்றார். அந்த வார்த்தையை நம்பினேன்.

மனைவியோடு போனேன். அங்கே என்னைக் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறையில் உட்கார வைத்தார்கள். கதவைச் சாத்தியதும் உலகமே நின்றுபோனது. நான் எச்சில் விழுங்குவது எனக்கே கேட்டது. டெஸ்ட் எடுக்கிற பெண் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, “சத்தம் எவ்வளவு சின்னதா இருந்தாலும் சரி, கேட்டா பட்டன அமுக்குங்க” என்று சொல்லியிருந்தது. கீ, கூ என்று வந்தது. அமுக்கினேன். பிறகு ஒவ்வொரு சொல்லாகச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னது. பந்து, வீடு, மாடு. அந்த அமைதியில், ஒரே ஒரு குரல், ஒரு நேரத்துக்கு ஒரே ஒரு சொல். பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிட்டேன்.

“நல்லாச் சொல்லுதீங்களே!” என்றது அந்தப் பெண். எனக்குச் சந்தோஷம்கூட வந்தது.

டாக்டர் கோடு போட்ட தாளைப் பார்த்தார். “கீச்சுச் சத்தம் கொஞ்சம் கொறச்சலா கேக்கு. மத்தபடி பரவாயில்ல. மெஷின் எதுவும் இப்போ தேவையில்ல. நான் பேசுறது கேக்குதா?”

“கேக்குது” என்றேன். அவர் என் முகத்துக்கு நேரே, மின்விசிறிகூடச் சுற்றாத அறையில் கேட்டார். வேறு என்ன சொல்வது?

என் மனைவி குறுக்கே விழுந்தாள். “அப்போ வீட்டுல நான் சொல்லுத ஒண்ணும் இவுக கேக்க மாட்டேங்காகளே, அது என்ன நோய் டாக்டர்?”

டாக்டர் சிரித்தார். “அது எல்லா வீட்டுலயும் உள்ளதும்மா.”

நம் பேச்சில் காதில் விழுவதும் ‘கேக்குது’தான், சொன்னபடி நடப்பதும் ‘கேக்குது’தான். அந்த ஒரு சொல்லில் நான் மாட்டிக்கொண்டேன். காது கேட்கிறது என்று தாளில் வந்துவிட்டது. இனி கேட்காதது என் புத்தி என்று ஆகிவிட்டது.

கடைக்குத் திரும்பிச் சொன்னேன். அன்றைக்குச் சாயங்காலமே மறுபடியும் ஒரு தப்பு நடந்தது. மாஸ்டர் பெருவிரலை வாயருகே கொண்டுபோய்க் காட்டி, “காதுல கோளாறு இல்லன்னா கோளாறு வேற எங்கனயோ இருக்குடே” என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னாராம். நான் குடிப்பவன் இல்லை. அது அவருக்கும் தெரியும்.

முதலாளி கூப்பிட்டார். ‘அண்ணாச்சி’ என்கிற மரியாதை போய்விட்டது. “டெஸ்ட்ல கேக்குதுன்னு சொல்லிட்டாங்கள்லா? பொறவு என்னவே? வேணும்னே பண்ணுதீரா?” என்றார். முழுச் செவிடு என்று வந்திருந்தால் ஐயோ பாவம் என்றாவது சொல்லியிருப்பார்கள். காது கேட்கிறவனுக்கு இரக்கம் கிடையாது. அன்றிலிருந்து இலை கழுவவும் வெங்காயம் உரிக்கவும் பின்பக்கம் அனுப்பிவிட்டார்கள். அங்கே யாரும் எதுவும் கூவ வேண்டியதில்லை.

சீசன் முடிந்து கடை காற்றாடியபோது, கூச்சத்தை விட்டு, டெஸ்ட் எடுத்த அந்தப் பெண்ணிடம் தனியாகப் போனேன். “கேக்குதும்மா. ஆனா விளங்கல” என்றேன். அது நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, நிதானமாகச் சொன்னது. “நாங்க எடுத்தது எவ்வளவு சின்னச் சத்தம் ஒங்களுக்குக் கேக்குங்கற அளவு. இரைச்சலுக்குள்ள பேச்சு எவ்வளவு விளங்குதுங்கறது அதுல வராது. கீச்சுச் சத்தம் கொறஞ்சா க, ச, த எல்லாம் ஒண்ணு போல ஆயிரும். அமைதியா இருக்கற எடத்துல ஊகிச்சுக்கிடுவீங்க. கூட்டத்துல முடியாது. இரைச்சலப் போட்டுக்கிட்டே பாக்கற டெஸ்ட் தனியா இருக்கு. இங்க எங்ககிட்ட இல்ல.”

“இதயே எழுதித் தாம்மா. முதலாளிட்ட காட்டணும்.”

“எடுக்காத டெஸ்ட்டுக்கு நான் எப்படி அண்ணாச்சி எழுத முடியும்?”

அது சொன்னதும் நியாயம்தான். மனப்பாடம் செய்துகொண்டு போய் முதலாளியிடம் சொன்னேன். கல்லில் கொத்து ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஏதோ பதில் சொன்னார். உதடு அசைந்தது, மாஸ்டர் சிரித்தார். என்ன சொன்னார் என்று இன்றுவரை தெரியாது.

இந்த வருடம் சாரல் விழுந்துவிட்டது. சீசனுக்குக் கூப்பிடுவார்கள் என்று வீட்டில் காத்திருந்தேன். கடையிலிருந்து போன் வந்தது. போனில் எனக்கு எதுவும் பிடிபடாது என்பதால் மனைவிதான் எடுத்தாள். பேசி முடித்ததும் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். டிவியை அணைத்தாள். என் முகத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள். “இனி வர வேண்டாமாம்.”

ஒரு எழுத்து விடாமல் விளங்கியது.

எழுதியது: ஆனி மாதம் பதினாறாம் தேதி, செவ்வாய்க்கிழமை.