பயிற்சியில் மௌத்தான கதை

இதயம் நின்றுபோன நோயாளியை மீட்கும் பயிற்சிக்கென்று எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு பொம்மை இருந்தது. அன்று அதை வேறெங்கோ இரவல் கொடுத்துவிட்டார்கள். தாதியான என்னையே நோயாளியாகப் படுக்கச் சொன்னார் டொக்டர். உயிருள்ள ஆளின் நெஞ்சை அழுத்தக் கூடாது என்பதால் என் பக்கத்தில் ஒரு தலையணை வைத்தார்கள். அமுக்குவது அதை, அசையாமல் கிடப்பது மட்டும் என் வேலை.

பக்கத்துக் கட்டில்காரர்களுக்குச் சொல்லிவிட்டோம். மீட்க வரவேண்டிய குழுவுக்குச் சொல்லவில்லை. சொன்னால் அது பயிற்சியே இல்லை என்றார் டொக்டர்.

மணி அடித்தது. என்னைப் போல இன்னொரு மிஸ்ஸி மட்டும் ஓடிவந்து தலையணையை அமுக்கத் தொடங்கினாள். மற்றவர்கள் ஆறுதலாக நடந்து வந்தார்கள். அவர்கள் தள்ளிவந்த அவசர மருந்து வண்டி பூட்டியிருந்தது. திறப்பு வாட்டுக்குப் பொறுப்பான சிஸ்டரிடம், அவர் எங்கோ ஒரு கூட்டத்தில். எனக்குச் சிரிப்பு முட்டியது. கடைசியில் டொக்டர் கையை உயர்த்தி நிறுத்தி, நான் செத்துவிட்டதாக அறிவித்தார்.

"மிஸ்ஸி மௌத்து. இனி ஒன்னும் செய்யேலா."

யாருக்கோ கஞ்சி கொண்டு வந்த எங்கள் தெருப் பெண் ஒருத்தி வாட்டு வாசலில் நின்று அதைக் கேட்டிருக்கிறாள். மீதியைக் கேட்க அவள் நிற்கவில்லை.

வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் முற்றத்தில் கதிரைகள் போட்டிருந்தார்கள். என் ஃபோன் சார்ஜ் இறங்கிக் கிடந்ததால், கல்முனைச் சந்தையில் கடை வைத்திருக்கும் என் கணவர் கடையைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கே ஓடியிருந்தார். உள்ளே, ஒலுவிலிலிருந்து ஓட்டோவில் வந்திறங்கிய மாமி அழுதுகொண்டிருந்தார். என்னைப் போல ஒரு மருமகள் யாருக்கும் வாய்க்காது, நான் ஆக்கும் மீன் ஆணத்தின் ருசிக்கு ஈடில்லை என்றெல்லாம் சொல்லி அழுதார். கலியாணம் முடித்த நாளிலிருந்து இதில் ஒரு சொல்லும் என் காதில் விழுந்ததில்லை. கதவோரம் நின்று கொஞ்சம் கேட்டேன். அதற்குள் யாரோ என்னைக் கண்டு பின்வாங்க, மாமியும் திரும்பினார்.

"புள்ள, நீ மௌத்தாகலயா?"

இல்லை, அது பயிற்சி என்றேன். குழு பிந்தியதையும் வண்டி பூட்டியிருந்ததையும் விளக்கினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். மாமி முகத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தார்.

"அப்ப மெய்யாவே நெஞ்சு நின்டிருந்தா என்னாகியிருக்கும்?"

பதில் எனக்குத் தெரியும். மாமி என் கையைப் பிடித்தவர், என் கணவர் வந்து சேரும்வரை விடவில்லை. அவர் என்னைக் கண்டதும் முற்றத்துக் கதிரை ஒன்றில் உட்கார்ந்துவிட்டார்.

என் மௌத்துக்கு வந்தவர்கள் எவரும் எழும்பிப் போவதாக இல்லை. அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. நானே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.