சவரம் பழகியவள்

என் அக்காவுக்குச் சவரம் செய்யத் தெரியும். சிரிக்காதீர்கள். காலமெல்லாம் தையல் மெஷினை மிதித்துப் பள்ளிக்கூடச் சீருடை தைத்தவள், அறுபதைத் தாண்டிய பிறகு கத்தி பிடிக்கப் பழகினாள். இன்றும் தினமும் காலையில் பிடிக்கிறாள். எல்லாம் அத்தானால் வந்த வினை.

அத்தான் பஸ் டிரைவர். வீட்டில் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற ரகம். ஆனால் வேலைக்குக் கிளம்பும் முன் பஸ் நிலையத்துப் பக்கத்துச் சலூனில் போய் உட்கார்ந்துவிட்டால் ஊர்க்கதை முழுக்கப் பேசுவார். அவர் சலூன்காரரை மச்சான் என்பார். சலூன்காரர் அவரை மாப்ளே என்பார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் போக்குவரத்து நிற்கவில்லை. "வீட்டுல பேசணும்னா மட்டும் இந்த மனுஷனுக்கு நாக்கு சுளுக்கிக்கும்" என்று அக்கா சிரிப்பாள்.

பிறகு மறதி நோய் வந்தது. முதலில் வழி மறந்தது, அப்புறம் மகன். கடைசியில் ஒரு காலை, டீயை நீட்டிய அக்காவைப் பார்த்து எழுந்து நின்று, "நீங்க யாரும்மா?" என்று மரியாதையாகக் கேட்டார். அந்த மரியாதைதான் அவளைக் கொன்றது.

அன்றிலிருந்து அவள் கை பட்டாலே பதறி விலகினார். கூச்ச சுபாவம் வேறு. முன்பின் தெரியாத பெண் சட்டைப் பொத்தானைக் கழற்ற வந்தால் எந்த நல்ல மனிதன் விடுவான்? குளிக்கவில்லை, உடை மாற்றவில்லை. தாடி மண்டிவிட்டது. "ஹோம்ல விட்டுடலாம்மா, அங்க ஆம்பளை ஆளுங்க பார்த்துப்பாங்க" என்றான் மகன். அவன் மேல் தப்பில்லை. எனக்குத்தான் அத்தானை நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது.

"ரொம்பப் பழகின விஷயம் கடைசியாத்தான் போகும்" என்றார் டாக்டர். பழக்கமாம்! புதுச் செருப்பு காலுக்குப் பழகிவிட்டது என்கிறோம். எதிர்வீட்டு நாய் பழகிவிட்டது என்கிறோம். கூடவே வாழ்ந்து, பிள்ளை பெற்று, அவர் இருமுவதை வைத்தே அது சளியா சாக்கா என்று சொல்லிவிடுகிறவள் பழகாதவளா? 

ஒருநாள் சலூன்காரர் பெட்டியோடு பார்க்க வந்தார். அத்தான் அவரையும் பார்த்துத் திருதிருவென்று விழித்தார். சலூன்காரர் பெட்டியைத் திறந்தார். சோப்பை நுரைக்கக் குழைத்து, பிரஷ்ஷால் கன்னத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். அத்தான் கண்ணை மூடிக்கொண்டு தாடையை உயர்த்தினார். அந்தக் கையோடு சலூன்காரரே சட்டையை மாற்றினார், உடம்பைத் துடைத்துவிட்டார். எல்லாவற்றுக்கும் குழந்தை மாதிரி இணங்கினார்.

அக்கா சமையலறைக்குள் போய் அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "அண்ணே, இதை எனக்குச் சொல்லிக் குடுங்க" என்றாள்.

"என் கன்னத்துலயே பழகுங்க தங்கச்சி. காது மட்டும் பத்திரம், கண்ணாடி மாட்டணும்."

பாவம், கன்னத்தில் பஞ்சு ஒட்டிக்கொண்டுதான் பல நாள் கடை திறந்தார்.

ஹோமில் இடம் கிடைத்துவிட்டது என்று மகன் சொன்ன வாரம் அக்கா பிரஷ்ஷை எடுத்தாள். நான் அறை வாசலில் நின்றேன். இரண்டு தட்டுத் தட்டினாள். அத்தான் கண்களை மூடினார். தாடை உயர்ந்தது. அக்கா கத்தியை எடுத்து ஒரு கன்னத்தை வழித்தாள்.

"மச்சான், சீக்கிரம் முடிடா" என்றார் அத்தான், கண்ணைத் திறக்காமலே. "வீட்டுல அவ சாப்பிடாம உக்காந்திருப்பா. நான் போனாத்தான் ஒரு வாய் வைப்பா."

கத்தி நின்றது.

"நல்லதா ஒரு வார்த்தை சொல்லணும்னு தினம் நினைச்சுட்டுத்தான் போறேன். அவ முகத்தைப் பார்த்தா வாய் வரமாட்டேங்குது."

நான் பொறுக்காமல் ஓரடி முன்னே வைத்தேன். அக்கா கண்ணாலேயே என்னை நிறுத்தினாள். அவள் குரல் கேட்டால் அவர் விழித்துவிடுவார். உதட்டைக் கடித்துக்கொண்டு மறு கன்னத்தையும் முடித்து, ஈரத்துண்டால் துடைத்தாள்.

அத்தான் கண்ணைத் திறந்தார். எதிரே நின்றவளைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து காலரைச் சரிசெய்துகொண்டார்.

"கொஞ்சம் வழி விடுங்கம்மா. வீட்டுல காத்துட்டிருப்பா."

அக்கா ஒதுங்கி வழிவிட்டாள்.