நான் நிரப்பிய படிவம்

டொராண்டோவிலிருந்து அக்காவின் மகள் யாழினி, ஒரு வருடம் வேலை செய்துகொண்டே நாடு சுற்றிப் பார்க்கும் விசாவில் மெல்பேர்ணுக்கு வந்தாள். அங்கே ரோவில் என்ற புறநகரில் எங்கள் வீட்டில்தான் தங்கினாள். அவள் புறப்படுமுன் பயணக் காப்புறுதிப் படிவத்தை இணையத்தில் நிரப்பியவன் நான்.

ஏற்கெனவே நோய் ஏதும் உண்டா என்று அதில் ஒரு கேள்வி.

"மாமா, எனக்கு ஆஸ்துமா இருக்கெல்லோ?" என்றாள் தொலைபேசியில்.

"அதை எழுதினா ஆயிரம் கேள்வி கேப்பாங்கள். இல்லையெண்டே போடுறன்."

வசந்தகாலத்தில் ஒருநாள் இடியுடன் புயல் அடித்து, புல்லின் மகரந்தத்தைக் காற்றெங்கும் பரப்பியது. அவளுக்கு மூச்சு அடைத்தது. ஐந்து நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்துதான் பிழைத்தாள்.

காப்புறுதி நிறுவனத்திலிருந்து ஒரு பெண் அழைத்தார். படிவத்தை நிரப்பியது யார் என்று கேட்டார். யாழினி என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"நான்தான்" என்றாள்.

நோயை மறைத்ததாகச் சொல்லிக் கைவிரித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்கு அக்கா வீட்டை அடகு வைத்தாள். வந்த மூன்றாம் மாதமே யாழினி டொராண்டோவுக்குத் திரும்பிப் போனாள்.

"தம்பி, நீ பக்கத்தில இருந்தபடியாத்தான் பிள்ளை தப்பினவள்" என்று அக்கா இன்றும் சொல்கிறாள்.

ஓம் என்கிறேன். யாழினியும் இதுவரை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவள் திட்டியிருந்தால் நான் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன்.