கோணல் கிராப்பு

அந்தத் தெருவுக்கு ஒரே ஒரு சலூன்காரர். இருபத்தாறு வருடங்களாக அதே கடை, அதே சுழல் நாற்காலி. வாயும் ஓயாது, கையும் ஓயாது. அப்படிப்பட்ட மனிதரைப் பக்கவாதம் வந்து படுக்கப் போட்டது. நாலு மாதத்தில் எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டார். ஆனால் கத்தரியை எடுத்தால் வலது கை வெடவெடவென்று ஆடியது.

"பழகப் பழகத்தான் வரும்னு டாக்டர் சொன்னாருல்ல?" என்றாள் மனைவி.

"எதுல பழகறது? பூசணிக்காய்லயா?" என்று எரிந்து விழுந்தார். நாற்காலியை விற்பதற்கு ஆளும் பார்த்துவிட்டார்.

விஷயம் எதிர் டீக்கடைக்காரரின் காதுக்கு எட்டியது. அந்தக் காதுக்கு மேலே அவருக்குப் பெரிதாக எதுவும் கிடையாது. பின்மண்டையில் நாலு முடி, அவ்வளவுதான். மறுநாள் காலை விறுவிறுவென்று வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வெட்டுங்கண்ணே. போனா இதுதானே போகும்."

அரை மணி நேரம் ஆயிற்று. நாலு முடியும் நாலு திசையில் நின்றது. டீக்கடைக்காரர் கண்ணாடியைப் பார்த்து, "பிரமாதம்" என்று கூசாமல் பொய் சொன்னார்.

அதன்பின் தெருவே தனக்குள் ஒரு முடிவுக்கு வந்தது: முடி குறைந்தவர்கள் முதலில், அடர்த்தியானவர்கள் கை தேறிய பிறகு. முன்வழுக்கை விழுந்த கண்டக்டர் எலி குதறிய தலையோடு பஸ் ஏறினார். கேட்டவர்களிடம் "புது ஸ்டைல்" என்றார். ஒவ்வொரு தலையும் எழுந்து போகும்போது சலூன்காரர் கூசிப்போய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனாலும் விடிந்தால் கடையைத் திறக்க மனசு பறந்தது. மனைவியிடம் மட்டும் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

இரண்டரை மாதம் கழித்து மெக்கானிக் வந்தான். தெருவிலேயே அடர்த்தியான சுருள் முடி அவனுக்குத்தான். மறுநாள் அவனுக்குக் கல்யாணம்.

"வேற கடைக்குப் போப்பா. காலத்துக்கும் இருக்கப்போற போட்டோ."

"அதனாலதாண்ணே இங்க வந்தேன்."

அவர் கத்தரியை எடுத்தார். வாய் திறக்காமல் அவர் முடி வெட்டியது அன்று ஒருநாள்தான். முடித்துத் துணியை உதறிய பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். பின்கழுத்தில் கோடு நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

வாசலில் கோணல் தலைகள் கூட்டமாக நின்றன. டீக்கடைக்காரர் உள்ளே எட்டிப் பார்த்து இடுப்பில் கை வைத்தார்.

"அவனுக்கு மட்டும் நேராவா? நாளைக்கு நாங்க இந்தத் தலையோடயா கல்யாணத்துக்குப் போறது?"

"வரிசையா உட்காருங்கய்யா," என்றார் சலூன்காரர், புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "எல்லாரையும் சரி பண்ணாம இன்னிக்குக் கடைய மூடமாட்டேன்."