கார்க் கண்ணாடியில் ஒரு பொட்டு

முதலாளி வீட்டு அம்பாசிடரின் பின்கதவுக் கண்ணாடியில், இடது பக்கம், ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறது. அரக்கு நிறம். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். வெயில் பட்டுப் பட்டு நடுவில் வெளுத்துவிட்டது. ஓரம் மட்டும் இன்னும் பழைய நிறத்தில் நிற்கிறது. அந்தக் கண்ணாடியை இறக்கும் கைப்பிடி உடைந்து வெகுகாலம் ஆயிற்று. மாற்றித் தரட்டுமா என்று மெக்கானிக் எத்தனையோ தடவை கேட்டான். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கண்ணாடி இறங்கினால் பொட்டு உரிந்துபோகும். வண்டியே இப்போது ஓடுவதில்லை, முதலாளியின் தீப்பெட்டி செய்கிற ஆபீஸின் பின்பக்கக் கொட்டகையில் நிற்கிறது. அதை ஓட்டிய நானும் ஓடுவதில்லை. ஆனாலும் வாரத்துக்கு ஒரு நாள் போய்த் துடைத்துவிட்டு வருவேன். கரிசல்காட்டுத் தூசி அடைத்த கதவுக்குள்ளும் நுழையும்.

அந்தப் பொட்டு, கோவில்பட்டியில் ஒரு பட்டுக்கடையில் சேலை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த பெண்ணுடையது. கீழே நூல் சேலை, வேட்டி, சட்டைத்துணி. மாடியில் பட்டு மட்டும். மாடிக்கு மட்டும்தான் ஏசி. கண்ணாடிக் கதவைத் திறந்தால் ஐப்பசி மாதக் காற்று மாதிரி முகத்தில் அடிக்கும். ஏறுவதும் பெரிய வீட்டுப் பெண்கள்தான், தீப்பெட்டி ஆபீஸ்காரர்கள், பட்டாசுக்காரர்கள், மில்லுக்காரர்கள் வீட்டுப் பெண்கள். அவர்களுக்கு மெத்தை போட்ட சோபா, ரோஸ்மில்க். கூட வந்த டிரைவர்களுக்கு மாடிப்படி ஓரமாக ஒரு பெஞ்சி. சேலை எடுத்துப் போடுகிற பெண்களுக்கு ஸ்டூல்கூடக் கிடையாது. கடை திறந்ததிலிருந்து அடைக்கும்வரை அவர்கள் நிற்கவேண்டும். ஆள் இல்லாத நேரத்திலும் உட்காரக்கூடாது. ஒருத்தி சுவரில் சாய்ந்தாலும் மேனேஜர் தொண்டையைச் செருமுவார். எல்லோரும் ஒரே நிறச் சேலை கட்டி, தலையில் பூ வைத்து, நெற்றியில் பொட்டு வைத்திருக்கவேண்டும் என்பதும் கடைச் சட்டம். கல்யாணச் சேலை எடுக்க வருகிறவர்கள் வெறும் நெற்றியைப் பார்க்கக்கூடாதாம்.

பெரிய பாப்பா கல்யாணத்துக்கு, அதாவது முதலாளியின் மூத்த மகள் கல்யாணத்துக்கு, முகூர்த்தப் பட்டை எடுத்துக் கொடுத்தது இந்தப் பெண்தான். அப்போது அவள் வேலைக்குப் புதுசு. கழுகுமலை ரோட்டில் ஒரு சின்ன ஊர் அவளுக்கு. புருசன் லாரிக்குப் போனான். முகூர்த்தப் பட்டு என்றால் சும்மா எடுத்து நீட்டிவிட முடியாது. தாம்பாளத்தில் வைத்து, முந்தி ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைத்து, இரண்டு கையாலும் கொடுக்கவேண்டும். அவள் கொடுத்தாள். அடுத்த வருசம் அந்த நேரத்தில் பெரிய பாப்பாவின் மடியில் ஆண் பிள்ளை. முதலாளியம்மா ஊரெல்லாம் சொன்னார், "அந்தப் புள்ள கைராசி, அவ கையால எடுத்தா வெளங்கும்" என்று. அதற்குப் பிறகு முதலாளியம்மாவின் சொந்தத்தில் எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும் மாடி ஏறியதும் முதல் கேள்வி, "அந்தக் கைராசிக்காரி எங்க?" என்பதுதான். அவள் வேறு யாருக்காவது காட்டிக்கொண்டிருந்தால் காத்திருப்பார்கள். மேனேஜர் மற்ற பெண்களைக் கூப்பிட்டாலும் உட்காரமாட்டார்கள்.

முதலாளியம்மாவும் அவளும் பழகிய பழக்கத்தை என்னவென்று சொல்வது! புதுச் சரக்கு வந்து இறங்கிய அன்றைக்கே கடையிலிருந்து வீட்டுக்குப் போன் வரும். "அம்மா, மாம்பழக் கலருல ஒண்ணு வந்திருக்கு. சின்னப் பாப்பா நெறத்துக்கு எடுப்பா இருக்கும். யார் கண்ணுலயும் படாம அடியில வச்சிருக்கேன்" என்பாள். முதலாளியம்மா குளித்துக்கொண்டிருந்தாலும் வந்து பேசுவார். அவளுடைய பெண்குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் என்னைத்தான் வண்டியோடு அனுப்புவார். தீபாவளிக்குச் சேலையும் கடலைமிட்டாய்ப் பெட்டியும் போகும். வீட்டில் நடக்க முடியாதவர்கள் இருந்தால் கடையே வீட்டுக்கு வரும். சேலைக் கட்டுகளோடு அவளை நான் ஏற்றிக்கொண்டு வருவேன். ஹாலில் ஜமக்காளம் விரித்துக் கடை போடுவாள். அங்கேயும் நின்றுகொண்டேதான் பிரித்துக் காட்டுவாள். "உக்காருட்டி, இது என்ன ஒங்கடையா?" என்று முதலாளியம்மா அதட்டினால், "உக்காந்தா சேலை எறங்கி விழாதும்மா, அழகு தெரியாது" என்று சிரிப்பாள்.

இது பாசமா வியாபாரமா என்று எனக்கு அப்போதே ஒரு யோசனை உண்டு. பெஞ்சியில் உட்கார்ந்திருப்பவனுக்கு யோசிப்பதைத் தவிர வேறு என்ன வேலை? பக்கத்து மில்லுக்காரர் வீட்டு டிரைவர் சொல்வான், "அண்ணாச்சி, இவ எங்க அம்மாவையும் அம்மாங்கா, ஒங்க அம்மாவையும் அம்மாங்கா. இவளுக்கு எத்தனை அம்மாவே?" அவன் சொன்னது சரிதான். எல்லோருக்கும் ஒரே சிரிப்புத்தான். ஆனால் அவள் சின்னப் பாப்பாவைப் பார்க்கும்போது மட்டும் அந்தச் சிரிப்பு கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது போல எனக்குத் தோன்றும். ஜடையைச் சரி செய்துவிடுவாள். கேட்காமலே பின் குத்திவிடுவாள்.

ஒரு கோடையில் அவளைக் கொஞ்ச நாள் கடையில் காணவில்லை. மஞ்சள்காமாலை, லீவில் இருக்கிறாள் என்றார் மேனேஜர். முதலாளியம்மா கீழாநெல்லி கொடுத்து அனுப்பவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்குள் அவளே வேலைக்கு வந்துவிட்டாள். பொட்டு, பூ, அதே சிரிப்பு. உடம்பு மட்டும் பாதியாகியிருந்தது.

ஒருநாள் முதலாளியம்மா வீட்டில் அவள் கடை போட்டுவிட்டுத் திரும்ப நேரமாகிவிட்டது. ஊரிலேயே இறக்கிவிட்டு வாருங்கள் என்று முதலாளியம்மா சொன்னதால் கழுகுமலை ரோட்டில் போனோம். ரோட்டிலிருந்து அவள் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கு வந்ததும், "அண்ணாச்சி, செத்த நிப்பாட்டுங்க" என்றாள். இரண்டு பக்கமும் பருத்திக்காடு. பொழுது சாய்ந்து வெளிச்சம் கொஞ்சம்தான் இருந்தது. எனக்கு முன்னாலிருந்த சின்னக் கண்ணாடியில் பார்த்தேன். தலையிலிருந்த பூவை எடுத்துத் தூக்குச்சட்டிப் பைக்குள் வைத்தாள். நெற்றிப் பொட்டை உரித்துப் பக்கத்துக் கதவுக் கண்ணாடியில் ஒட்டினாள். முந்தானையால் நெற்றியை அழுத்தித் துடைத்தாள். எனக்கு விளங்கிவிட்டது. கழுத்தைத் திருப்பவில்லை.

"எப்பம்மா?" என்றேன்.

"சித்திரையில, அண்ணாச்சி. கயத்தாறு தாண்டி லாரி கவுந்துட்டு. அவிய அங்கனயே போயிட்டாவ." தூக்குச்சட்டிப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சொன்னாள், "பொட்டில்லாம பட்டு மாடியில நிக்க முடியாதுன்னுட்டாரு மேனேஜர். பொட்டு வச்சுக்கிட்டு ஊருக்குள்ள நொழைய முடியாது. ஒண்ணுமே வெளிய தெரிய வேண்டாம், எப்பவும் போல நில்லுன்னு சொல்லுதாரு. புள்ள இருக்கே. என்ன செய்ய?"

பிறகு கண்ணாடியில் ஒட்டிய பொட்டை உரித்து, பஸ் டிக்கெட்டில் ஒட்டி மடித்து வைத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் பஸ் ஸ்டாண்டில் திரும்ப வைக்கவேண்டுமே. அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று அவள் கேட்டாள். அது அவள் சொல்ல வேண்டிய சேதி, நான் யார் சொல்ல? அதற்குப் பிறகு அவளைக் கொண்டுபோய் விடுகிற நாளெல்லாம் அந்த விலக்கில் வண்டி தானாக நிற்கும். அவள் பொட்டைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் பூவை எடுப்பாள். மழைக்காலத்தில் அந்த இடத்தில் நிறுத்துவது கஷ்டம். கரிசல்மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டால் வண்டியை யானைதான் இழுக்கவேண்டும். என்றாலும் நிறுத்துவேன்.

தை பிறந்தது. சின்னப் பாப்பாவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. முகூர்த்தப் பட்டு எடுக்க மூன்று கார் நிறையப் பெண்கள் போனார்கள். எனக்கு முதல்நாளே தூக்கம் இல்லை. மாடி முழுக்க எங்கள் கூட்டம்தான். கூட்டத்தில் தாம்பாளம், தேங்காய், பழம் எல்லாம் தூக்கிக்கொண்டு நானும் உள்ளே போய் ஓரமாக நின்றேன். அவள் சேலைகளை எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தாள். பாப்பாவுக்குக் குங்குமக் கலரில் ஒன்று பிடித்துப்போயிற்று. முதலாளியம்மா தாம்பாளத்தை நீட்டினார்.

அவள் சேலையைத் தொடவில்லை. பக்கத்தில் நின்ற புதுப் பெண்ணைக் கூப்பிட்டு, "ஏட்டி, நீ மஞ்சள் வச்சுக் குடு" என்றாள்.

"அவ ஏன் குடுக்கணும்?" என்றார் முதலாளியம்மா. "மூத்தவளுக்கு நீதான குடுத்த? கைராசிய வீட்டுல வச்சுட்டு வந்துட்டியோ?"

பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. மேனேஜர் தொண்டையைச் செருமினார். "குடும்மா, நல்ல நேரம் போயிட்டிருக்குல்லா" என்றார். அவர் கண்ணில் கெஞ்சலும் இருந்தது, மிரட்டலும் இருந்தது.

"வேண்டாம்மா" என்றாள் அவள். "ஊரார் புள்ளைகளுக்கெல்லாம் இத்தன நாளும் எடுத்துக் குடுத்துட்டேன். சாமி, இது எம் பொழப்புன்னு சொல்லிக்கிட்டுக் குடுத்தேன். இது நம்ம பாப்பாவுக்குத் தாலி ஏறப்போற சேல. என் கையி படக்கூடாது. அவிய போயிட்டாவம்மா. சித்திரையிலயே போயிட்டாவ."

எல்லோரும் அவள் நெற்றியைத்தான் பார்த்தார்கள். முதலாளியின் தங்கச்சி, வாயைத் திறந்தால் மூடாத அம்மாள், "பொட்டும் பூவுமா நின்னுல்லா இத்தன நாளும் நம்மள ஏமாத்தியிருக்கா மதினி!" என்றார்.

"நீ சும்மா இரு" என்று அதட்டினார் முதலாளியம்மா. எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டார். "ஏட்டி, எங்கிட்டச் சொல்லப்படாதா? நான் ஒனக்கு யாருட்டி?" என்று அழுதார். நான் கண்ணால் பார்த்தேன், அது பொய் அழுகை இல்லை. அவளைக் கையைப் பிடித்துக் கொண்டுபோய், தான் உட்கார்ந்திருந்த சோபாவிலேயே உட்காரவைத்தார். "நீ உக்காரு தாயி. ஒனக்கு எதுக்கு அலைச்சல்?" என்றார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி, புதுப் பெண்ணிடம் தாம்பாளத்தை நீட்டினார்.

அத்தனை வருசத்தில் அந்தக் கடையில் அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். மெத்தை நுனியில், முதுகு படாமல் உட்கார்ந்திருந்தாள். புதுப் பெண் மஞ்சள் தொட்டு வைத்துச் சேலையைக் கொடுத்தாள். எல்லோரும் எழுந்து கும்பிட்டு வாங்கினார்கள். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அம்மா சொன்னபடி அன்றைக்கும் நான்தான் அவளைக் கொண்டுபோய் விட்டேன். கடைவாசலில் வண்டி கிளம்பியதுமே, பஜார் நடுவில், ஜனங்கள் பார்க்கப் பொட்டை உரித்துக் கண்ணாடியில் ஒட்டிவிட்டாள். விலக்கில் நான் பழக்கத்தில் பிரேக்கை மிதித்தேன். "போங்க அண்ணாச்சி, நிப்பாட்ட வேண்டிய வேலை இல்ல" என்றாள். வீட்டு வாசலில் இறங்கினாள். பொட்டை எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு முதலாளியம்மா அவளுக்குச் செய்தது குறையவில்லை, கூடத்தான் செய்தது. அரிசி போயிற்று. பிள்ளைக்குப் பள்ளிக்கூடத் துணி போயிற்று. ஆனால் மாடி ஏறினால் புதுப் பெண்ணைத்தான் கூப்பிட்டார். சொந்தக்காரர்களும் அப்படியே செய்தார்கள். கூப்பிட ஆள் இல்லாத பெண்ணை மாடியில் வைத்துக்கொள்ள மேனேஜருக்கு என்ன கிறுக்கா? கீழே வேட்டிப் பக்கம் இறக்கினார். கொஞ்ச நாளில் அங்கேயும் அவளைக் காணவில்லை. பொய்யை வியாபாரத்துக்குச் சொன்னவரைக்கும் அவள் கைராசிக்காரி. பாசத்தில் ஒரு உண்மையைச் சொன்னாள், அந்தக் கைராசி போயிற்று. இது என் நெஞ்சில் முள்ளாகவே கிடக்கிறது. யாரைக் குற்றம் சொல்ல என்றுதான் விளங்கவில்லை.

காரில் அந்தப் பொட்டை முதலாளியம்மா ஒருநாள் பார்த்தார். "இது யாரு ஒட்டுனது?" என்றார். சொன்னேன். சுரண்ட நகத்தைக் கொண்டுபோனவர் கையை எடுத்துக்கொண்டார். சீட்டில் வலது பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து வெகுகாலம் அவர் இடது பக்கம் உட்காரவில்லை.

வருசங்கள் போயின. முதலாளி காலமானார். அதற்கு அடுத்த வருசம் கடைசிப் பையனுக்குக் கல்யாணம். மகள்கள் இரண்டு பேரும் அதே கடைக்கு மருமகளுக்குப் பட்டு எடுக்கக் கிளம்பி, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். எனக்கு வயதாகிவிட்டது. மாடிப்படி ஓரப் பெஞ்சியில் போய் உட்கார்ந்தேன். கீழே வாசல் பக்கம் ஒரு நாற்காலி கிடந்தது. பெரிய பாப்பா, "நீங்க இங்கன உக்காருங்கம்மா. மேல ஏறி எதுக்கு அலையுதீய?" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டது. பாசமாகத்தான் சொன்னது. முதலாளியம்மா உட்கார்ந்தார். கடைப்பையன் ஒருத்தன் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். ஒரு காலத்தில் இந்த அம்மா வாசலில் செருப்பைக் கழற்றினால் மாடிவரைக்கும் சேதி போகும்.

கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்தார். "டிரைவரே, போவோம்" என்றார். காரின் இடது பக்கக் கதவைத் திறந்து ஏறினார். வெறும் நெற்றியோடு அந்தப் பொட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவ ஊரு விலக்கு தெரியும்லா?" என்றார்.

விலக்குத் தாண்டி ஊருக்குள் போனோம். வீடு பூட்டிக் கிடந்தது. பருத்திச் சுமையோடு வந்த ஒரு பொம்பளை, "அவ மகளையும் கூட்டிக்கிட்டுத் திருப்பூருக்குப் போயி ரொம்ப நாளாச்சே. நீங்க யாரு?" என்று கேட்டாள்.

"அங்கன அவளுக்கு நின்னு பாக்குற வேலையா, உக்காந்து பாக்குற வேலையா?" என்று கேட்டார் முதலாளியம்மா.

அந்தப் பொம்பளைக்கு ஒன்றும் புரியவில்லை. "தையல் மிஷின்ல வேலைன்னாவ. உக்காந்துதான் பாப்பா."

"சரி, இருக்கட்டும்" என்றார் முதலாளியம்மா. திரும்பி வரும்போது முந்தானையை விரலில் சுற்றி, பொட்டைச் சுற்றியிருந்த தூசியைத் துடைத்துக்கொண்டே வந்தார். பொட்டின் மேல் விரல் படவில்லை.

இப்போது அவரும் வெளியே வருவதில்லை. நான் கொட்டகைக்குப் போகிற நாளில் சாவியைக் கொடுத்துவிட்டு, "கண்ணாடியப் பாத்துத் தொடைங்க" என்பார். இன்று காலையிலும் போனேன். பொட்டின் ஒரு ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது. கட்டைவிரலால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்திருந்துவிட்டு வந்தேன்.