குட்டிக்கு எடை, எனக்கு நடுக்கம்

ஆட்டுக்குட்டியைத் தராசில் தொங்கவிட்டு, போன மாதத்தைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்று எழுதுவதும் ஒரு தொழில்தான் என்றால் என் அம்மாவே நம்பவில்லை. கால்நடைத் தீவனம் பற்றி மேல்படிப்பு முடித்த கையோடு ஒரு ஆராய்ச்சித் திட்டத்தில் களப்பணியாளராக இரண்டு வருஷம் இருந்தேன். போடியில் ஒரு அறை எடுத்துத் தங்கல். அங்கிருந்து தேவாரம், பொட்டிபுரம் என்று மூன்று மலையடிவார ஊர்களுக்குப் போய், நாங்கள் தயாரித்த தீவனத்தைத் தின்னும் குட்டிகளையும், வழக்கம்போல் மேய்ச்சலிலேயே வளரும் குட்டிகளையும் மாதாமாதம் நிறுத்துப் பார்க்க வேண்டும். இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் பாக்கியசாலிகள். வேலைக்குக் கிளம்பவே பயப்படும் ஆட்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எந்தக் கடை?

முதல் நாள் தேவாரத்தில் ராசாத்தி அக்கா வீட்டுக்குப் போனோம். ஐம்பது வயதைத் தொட்டவர். ஆறு வெள்ளாட்டுக் குட்டிகள் வைத்திருந்தார். என்னோடு வந்தவர் பாண்டியண்ணன். திட்டத்தின் ஜீப்பை ஓட்டுவது, குட்டியைப் பிடிப்பது, நான் யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு. அவர் ஒரு குட்டியைத் துணித் தொட்டிலில் போட்டுத் தராசுக் கொக்கியில் மாட்டினார். அது போட்ட கத்தலில் தெருவே கூடிவிட்டது.

நான் காதில் எண் வில்லை மாட்டுவதற்காக இடுக்கியை வெளியே எடுத்தேன். கூட்டம் ஓரடி முன்னால் வந்தது. ஒருவர் கையில் தழை அறுக்கிற தொரட்டி இருந்தது. அவர் தழை அறுக்கப் போகிற வழியில் சும்மா நின்றவர்தான் என்று பிறகு தெரிந்தது. அப்போது தெரியவில்லையே. மனப்பாடம் செய்து வைத்திருந்த விளக்கத்தில் ஒரு வரிகூட வாயில் வரவில்லை. ராசாத்தி அக்கா தொட்டிலோடு குட்டியை நெஞ்சில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் கேட்டார்:

"ஆட்டை நிறுக்கிறது கறிக்கடைக்காரன் மட்டுந்தான் ஆத்தா. நீ எந்தக் கடை?"

வெள்ளைக் கோட்டு

எங்கள் திட்டத்தில் மாட்டுக்கும் ஒரு பகுதி உண்டு. மலைச்சரிவில் மேயும் மலைமாடுகளின் வம்சம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்க்க ரத்தம் எடுக்க வேண்டும். பொட்டிபுரத்துக்கு மேலே ஒரு கிடையில் அறுபது எழுபது மாடுகள் நின்றன. ஒன்றின் கழுத்திலும் கயிறு இல்லை. கிடைக்காரர் ஒரு சிவப்புப் பசுவைக் காட்டி, அது சாது, அதனிடமிருந்து ஆரம்பிக்கலாம் என்றார். நான் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, ஊசியும் கண்ணாடிக் குப்பிகளுமாக உள்ளே போனேன்.

பத்தடி வைத்திருப்பேன். மேய்ந்துகொண்டிருந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. பிறகு எல்லாம் சேர்ந்து என்னைச் சுற்றி வளையமாக நின்றுகொண்டன. ஒரு மாடும் கத்தவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. அந்தச் சாதுப் பசு முன்னங்காலால் மண்ணைப் பறித்தது. ஓடக் கூடாது என்று படித்திருந்தேன். ஓடாமல் என்ன செய்வது என்று புத்தகத்தில் போடவில்லை. கையிலிருந்த குப்பிகள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணு என்றன. வேலிக்கு வெளியேயிருந்து கிடைக்காரர் மெதுவாகச் சொன்னார்:

"அந்தக் கோட்டைக் கழட்டிக் கீழ போடுங்கம்மா. போன மாசம் ஊசி போட்டவரும் இதத்தான் மாட்டியிருந்தாரு. மாடு ஆளை மறந்துரும், கோட்டை மறக்காது."

பரண் மேல்

குட்டிகளை மேய்ச்சலுக்கு விடுவதற்கு முன்னால், வெறும் வயிற்றில்தான் நிறுக்க வேண்டும். அதனால் விடியும்போதே போய்விடுவோம். தேவாரத்துக்கு மேற்கே ஒரு தென்னந்தோப்பில் தரையிலிருந்து ஆள் உயரத்துக்குப் பலகை அடித்து ஆட்டுப் பரண் கட்டியிருந்தார்கள். அன்றைக்கு நானும் பாண்டியண்ணனும் பரணுக்குள் குட்டிகளோடு இருந்தோம். திடீரென்று குட்டிகள் எல்லாம் ஒரு மூலையில் ஒடுங்கின. பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு சுவர் நகர்ந்து போனது. தோப்புக்குள் சுவர் எப்படி வந்தது என்று யோசித்த பிறகுதான் அது மூச்சு விடுவது தெரிந்தது.

யானை நேராகத் தீவன மூட்டைகள் இருந்த தகரக் கொட்டகைக்குப் போனது. தகரத்தைத் துதிக்கையால் காகிதம் போல் ஒதுக்கியது. ஒரு மூட்டையை மிதித்துப் பிரித்துத் தின்ன ஆரம்பித்தது. எங்களுக்கும் அதற்கும் நடுவில் பதினைந்தடிகூட இருக்காது. ஒரு குட்டி என் முந்தானையைச் சவைத்துக்கொண்டிருந்தது. பிடுங்கினால் கத்துமோ என்று விட்டுவிட்டேன். அரை மணி நேரமா, ஒரு மணி நேரமா என்று தெரியவில்லை. பாண்டியண்ணன் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. சாமியைக் கூப்பிடுகிறார் என்று நினைத்து நானும் கூப்பிட்டேன். கடைசி மூட்டையையும் முடித்துவிட்டு அது ஓடைப் பக்கம் இறங்கிப் போன பிறகு, அவர் வேர்த்த முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"தீனியில சர்க்கரைப் பாகு சேத்தா குட்டிக விரும்பித் திங்கும்னு சொன்னது நீங்கதானே?"

உப்பிய வயிறு

இதுவரை சொன்னதெல்லாம் பயமே இல்லை. உண்மையான பயம் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் போனில் வந்தது. ராசாத்தி அக்கா. "ஆத்தா, வெரசா வா. மூணு குட்டி வயிறு உப்பிக் கெடக்குது. ஒன்னு கண்ணைத் தெறக்கல." மூன்றுமே எங்கள் தீவனம் தின்னும் குட்டிகள்.

எங்கள் கலவையில் புரதச் சத்துக்காக யூரியா துளிதான் சேர்ப்போம். துளி கூடினால் விஷம். அந்த மாதத்துக் கலவையை எடை போட்டுச் சேர்த்தவள் நான். ஜீப்பில் போகும்போது நோட்டைப் பிரித்து, எழுதியிருந்த கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஒரு புள்ளியை இடம் மாற்றி வைத்திருப்பேனோ? ஒரு தடவை சரியாக வந்தது. அடுத்த தடவை எண்களே கண்ணுக்குத் தெரியவில்லை. இதே மூட்டை இன்னும் பதினோரு வீடுகளுக்குப் போயிருக்கிறது. பாண்டியண்ணன் ஒவ்வொரு வீடாகப் போன் போட்டு, தீனியைக் காட்ட வேண்டாம், மூட்டையைக் கட்டி வையுங்கள் என்று சொல்லிக்கொண்டே வண்டியை ஓட்டினார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பதினான்காம் எண் வில்லை மாட்டிய குட்டி செத்திருந்தது. மற்ற இரண்டும் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு முனகின. கால்நடை டாக்டர் வந்து அவற்றுக்குச் சோடா உப்பைக் கரைத்து ஊற்றினார், ஊசி போட்டார். பிறகு செத்த குட்டியைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் அறுத்துப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றேன். நிற்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரைப்பைக்குள் இருந்தது எங்கள் தீவனம் இல்லை. வெள்ளை வெளேரென்று புளித்த சோறு.

"கல்யாண வீட்டுச் சோறு," என்றார் டாக்டர். "இவ்வளவு சோத்தை ஒரே நேரத்துல தின்னா எந்த ஆட்டுக்கும் வயித்துல அமிலம் ஏறிரும்." ஒரு நொடி எனக்கு உயிர் திரும்பியது. நான் இல்லை, என் கணக்கு இல்லை. அந்த நொடியை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. ஏனென்றால் அடுத்த நொடி ராசாத்தி அக்கா, ரத்தம் படிந்த மண்ணைப் பார்த்துக்கொண்டே, யாரையும் குற்றம் சொல்லாத குரலில் சொன்னார்:

"போன மாசம் பக்கத்து வீட்டுக் குட்டிக ஏங்குட்டிகளவிட அரைக் கிலோ கூடன்னு நீதானே ஆத்தா சொன்ன. அன்னையிலருந்து எனக்குச் சோலியே ஓடல. அதான் மண்டபத்துல போயி ஒரு அண்டாச் சோறு வாங்கியாந்து வச்சேன்."

அட்டவணையில் ஒரு காலி இடம்

மற்ற இரண்டும் நான்கு நாளில் எழுந்து நின்றன. ஆனால் பதினான்காம் எண்ணை என்ன செய்வது? நோயால் இறப்பு என்று எழுதினால் ஒரு வரியில் முடிந்துவிடும். திட்டத்தின் தலைவரான பேராசிரியை முன்னால் நோட்டை நீட்டும்போது அப்படித்தான் எழுதியிருந்தேன். அவர் கண்டிப்பானவர். அவர் கண்ணாடியைக் கழற்றினாலே எங்களுக்கு உதறல் எடுக்கும். அன்றைக்குக் கழற்றினார். என்ன நோய் என்று கேட்டார்.

பொய்யைத் தொடர எனக்குத் தெம்பில்லை. அரைக் கிலோ பேச்சிலிருந்து அண்டாச் சோறு வரை எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போய்விட்டது என்றே நினைத்து, போடி அறையை எப்போது காலி செய்வது என்றுகூட மனசுக்குள் யோசித்துவிட்டேன். அவர் என் பேனாவை வாங்கி, நான் எழுதிய வரியைத் தானே அடித்துவிட்டு, நோட்டைத் திருப்பித் தந்தார்.

"நடந்ததை நடந்த மாதிரியே எழுது. உன் பேரையும் சேர்த்து எழுது. உனக்குப் பிறகு வருகிறவளாவது வாயைக் கட்டிக்கொண்டு எடை எடுக்கட்டும்."

கடைசி எடை

முடிவை நீங்கள் கேட்பீர்கள். எங்கள் தீவனம் தின்ற குட்டிகள் இரண்டு ஊர்களில் நன்றாகவே தேறியிருந்தன. மூன்றாவது ஊரில் வித்தியாசமே இல்லை. ஏன் என்று இன்னும் யாருக்கும் தெரியாது.

கடைசி எடைக்கு ராசாத்தி அக்கா வீட்டுக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. குட்டி செத்த பிறகு வந்த மாதங்களில் பாண்டியண்ணனைத்தான் அனுப்பியிருந்தேன். கடைசி எடையை நான்தான் எடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். திட்டத்தைவிட்டு விலகிவிட்டதாகச் சொல்வாரோ, தெருவில் வைத்து நியாயம் கேட்பாரோ என்று வழியெல்லாம் பதில் தயார் செய்துகொண்டே போனேன். வாசலில் ஐந்து குட்டிகளையும் வரிசையாகக் கட்டி, தொட்டில் மாட்டத் தோதாக வேப்பமரத்துக் கிளையில் கயிறும் போட்டு வைத்திருந்தார். எனக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்தார். நான் ஒவ்வொரு குட்டியாக நிறுத்தேன். எண் தெரியும்போதெல்லாம் அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். முடித்து நோட்டை மூடப் போனபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நல்லா எழுதிக்க ஆத்தா, ஒன்னையும் விட்ராத. எங்கிட்ட மட்டும் சொல்லாத."

இரண்டு வருஷ ஆராய்ச்சியில் நான் அடித்துச் சொல்லக்கூடிய முடிவு ஒன்றுதான்: குட்டிக்கு எடை ஏறினாலும் இறங்கினாலும், எடை எடுக்கிறவளுக்கு இறங்கத்தான் செய்கிறது.