சும்மா உட்காராத கூட்டம்

மகள் உளவியலில் முதுகலை படிக்கிறாள். நாமம் சொன்னால் மனக்கவலை குறைகிறதா என்பது அவளுடைய ஆய்வு. அதை இந்த வருடமே முடித்துக் கொடுத்தால்தான் பட்டம். இதில் ஆராய என்ன இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. அம்மன் முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்து எழுந்தவனுக்குத் தெரியாதா? ஆனாலும் மகளாயிற்றே. தெப்பக்குளம் பக்கம் எங்கள் தெருப் பெண்களை வீடு வீடாகப் போய் நான்தான் கூட்டி வந்தேன்.

சீட்டுக் குலுக்கி அவர்களை இரண்டாகப் பிரித்தாள். ஒரு கூட்டம் தெருக் கோயிலில் காலையில் உட்கார்ந்து "ஓம் சக்தி" சொல்ல வேண்டும். இன்னொரு கூட்டம் மாலையில் அதே இடத்தில் சும்மா உட்கார வேண்டும். தொடங்கும்போதும் முடிந்த பிறகும் கவலையை அளக்கச் சில கேள்விகள்.

கணக்குப் போட்ட அன்று அவள் முகமே செத்துப்போயிருந்தது.

"சிக்னிஃபிகன்ட் இல்லப்பா."

"அப்படின்னா?"

"ரெண்டு கூட்டத்துக்கும் கவல கொறஞ்சிருக்கு. நடுவுல உள்ள வித்தியாசம் ரொம்பச் சின்னது. நாமத்துக்குப் பலனே இல்லாட்டியும் இம்புட்டு வித்தியாசம் தற்செயலா வரலாம்னு டி-டெஸ்ட்டுங்கிற சோதனைக் கணக்கு சொல்லுது."

"ஆத்தா சன்னதியில தற்செயலா?"

"பலன் இல்லன்னு சொல்லலப்பா. இருக்குன்னு சொல்ல இது பத்தாதுங்குது."

பத்தாவதோடு நின்றவன் நான். இல்லை என்றும் சொல்லாமல் இருக்கிறது என்றும் சொல்லாமல் இழுக்கிற அந்தச் சோதனைமேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. மறுநாள் கோயிலில், மாலைக் கூட்டத்தில் உட்கார்ந்த எதிர்வீட்டம்மாவிடம் புலம்பினேன்.

"ஆத்தா மொகத்தப் பாத்துக்கிட்டு எப்பிடிண்ணே சும்மா இருக்கிறது?" என்றார் அவர். "வாயத் தொறக்கல, அம்புட்டுத்தான். மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேதான் இருந்தோம்."

பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். "நான் நூத்தியெட்டையும் முடிச்சிருவேன்ல!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு ஓடினேன்.

"தாயி, அவுகளும் நாமம்தான் சொல்லியிருக்காக. அவுகளத் தூக்கிக் காலைக் கூட்டத்துல சேத்துட்டு, சும்மா உக்கார வேற ஆள வச்சுக் கணக்கப் போடு."

"முடிவப் பாத்த பெறகு ஆள மாத்தக் கூடாதுப்பா. கோயில்ல ரெண்டு நெறப் பூவப் பொட்டலமாக் கட்டிப் போட்டு உத்தரவு பாக்குறீங்க. நெனச்ச பூ வர்ற வரைக்கும் திருப்பித் திருப்பிப் பொட்டலம் எடுப்பீங்களா?"

நடந்ததை நடந்தபடியே அவள் தன் பேராசிரியையிடம் சொல்லிவிட்டாள். அந்தம்மா முதலிலிருந்து செய்யச் சொல்லிவிட்டார். பட்டம் தள்ளிப்போய்விட்டது. இந்த முறை கோயில் கூடாதாம்; கல்லூரியில் ஒரு காலி அறை, ஒரு சாமி படம்கூட இருக்கக் கூடாதாம்.

மறுபடி வீடு வீடாக ஏறி இறங்குகிறேன். கேட்கிற பெண்களெல்லாம் ஒன்றையேதான் திருப்பிக் கேட்கிறார்கள்.

"வெறுஞ் சுவத்தப் பாத்துக்கிட்டு எதுக்குண்ணே உக்காரணும்?"